மூன்றாவது கொட்டேஷன்

மார்ச் 4

இன்று ஒருவனை அறைந்தேன். கை இன்னும் எரிகிறது.

செக் நாட்டிலிருந்து கப்பலில் வந்த இயந்திரங்கள் நான்கு கண்டெய்னர் லாரிகளில் கீழ்மாந்தூருக்கு வந்து சேர்ந்தன. ஷெட் வாடகைக்குப் பிடித்தது, கரண்ட் வாங்கியது, பஞ்சாயத்து அனுமதி வாங்கியது எல்லாம் நான்தான். வெளிநாட்டுக் கம்பெனிக்காரனை விமான நிலையத்தில் வரவேற்று, அவனுடைய ஆலையில் முதல் மோட்டார் ஓடும்வரை கூடவே நிற்பது என் தொழில். ஒரகடம் பக்கம் ‘பியூலா மேடம்’ என்றால் டீக்கடைக்காரனும் வழி சொல்வான். ஆனால் லாரி கேட்டுக்குள் திரும்பும்போது கல் வரும் என்று எந்த அனுமதிக் கடிதத்திலும் போடுவதில்லை.

முதல் கல் லாரிக் கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது பாவெலின் நெற்றியில். பாவெல்தான் ஆலை மேலாளர். ரத்தம் மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருக்க, “இவர்களுடைய கோரிக்கை என்ன?” என்று என்னிடம் கேட்கிறான். கோரிக்கையாம்! என் டிரைவர் கன்னியப்பன் அவனை இழுத்துக் காருக்குப் பின்னால் உட்கார வைத்து, தன் துண்டால் காயத்தை அமுக்கிப் பிடித்தான். நான் நேராகப் போய், கல் வைத்திருந்த ஒரு தடியனின் சட்டையைப் பிடித்து ஓங்கி ஒன்று விட்டேன். அவன் திருப்பிக் கை ஓங்கினான். எங்கிருந்து வந்தான் என்றே தெரியாமல் கன்னியப்பன் நடுவில் நுழைந்து அந்த அடியைத் தோளில் வாங்கிக்கொண்டான்.

பிறகு தேசிங்குக்கு போன் போட்டேன். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கூட்டம் கலைந்தது. நான் அறைந்தவன் போகும்போது “சாரி மேடம்” என்றான். எறியச் சொன்னவனும் தேசிங்குதான், நிறுத்தச் சொன்னவனும் தேசிங்குதான். அவன் யார் என்று பாவெல் கேட்டான். உள்ளூர்ப் பிரமுகர், நமக்கு வேண்டியவர் என்றேன்.

மார்ச் 5

தேசிங்கு ஆபீசுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, வாய் நிறைய பான் மசாலா. நான் எதிர்பார்த்ததைத்தான் கேட்டான்.

“வேற ஒண்ணியும் வேணாம் மேடம். ஸ்கிராப்பு மட்டும் நம்மளுது.”

இந்த வட்டாரத்தில் ஆலைக்குள் என்ன தயாராகிறது என்பதில் ஒருவருக்கும் அக்கறை கிடையாது. ஆலையிலிருந்து குப்பையாக எது வெளியே போகிறதோ அதற்காகத்தான் வெட்டிக்கொள்கிறார்கள். நம்முடையது மோட்டார் கம்பெனி. குப்பையே செப்புக் கம்பி. சரி என்றேன். முதல் ஆலைக்கு வந்த நாளிலிருந்து நான் இப்படித்தான் சரி சொல்லி வந்திருக்கிறேன், ஆலைகளும் நன்றாகத்தான் ஓடுகின்றன.

மார்ச் 11

பாவெல் கழுத்தை அறுக்கிறான். ஸ்கிராப்பைச் சும்மா தூக்கிக் கொடுக்க முடியாதாம், மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்க வேண்டுமாம். அவர்கள் தலைமை அலுவலகத்தின் விதி. இதற்கெல்லாம் நமக்கு வழி தெரியாதா என்ன? ஒன்று தேசிங்கு பெயரில், ஒன்று அவன் மச்சான் பெயரில். மூன்றாவதற்கு ஒரு டம்மி வேண்டும். யாரோ ஒரு சாது.

கன்னியப்பனின் தங்கை புருஷன் தணிகை படப்பையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறான். காரிலேயே போனோம். கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு, ஒரு மினி லாரி. அவன் பெண்டாட்டி அமுலு உடைந்த மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சுத்தியலை இறக்கி வைக்காமலே எனக்கு நாற்காலி போட்டாள்.

“சும்மா ஒரு பேப்பர் தம்பி. கையெழுத்து மட்டும் போடு.”

“கெடச்சிட்டா?” என்றான் தணிகை.

“கெடைக்காது.”

சிரித்தான். அமுலு சிரிக்கவில்லை. “கெடைக்காததுக்கு எதுக்குக்கா இவரு கையெழுத்து?” என்று கேட்டாள். கன்னியப்பன் அவளை அதட்டினான். “மேடம் கேக்குறாங்க இல்ல, போட்டுக் குடுக்கச் சொல்லு.”

போட்டுக் கொடுத்தான்.

மார்ச் 24

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பாவெல் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வாடகைக் கார் பிடித்து மூன்று கடைகளையும் நேரில் பார்க்கப் போயிருக்கிறான். பதினாறு வருஷத்தில் எந்த வெள்ளைக்காரனும் செய்யாத காரியம். தேசிங்கின் யார்டில் அன்றைக்கென்று ஒரு வடக்கத்திப் பையனைக் கட்டிவைத்து, தண்ணீர் பிடிக்கிற குழாயால் அடித்துக்கொண்டிருந்தார்களாம். செப்பு திருடினான் என்று. பாவெல் கண்ணெதிரே பையனின் முதுகுத் தோல் பிய்ந்திருக்கிறது. தேசிங்கு சிரித்துக்கொண்டே இளநீர் வெட்டிக் கொடுத்தானாம். மச்சான் கடை என்று எழுதிய முகவரியில் மாட்டுக் கொட்டகை இருந்திருக்கிறது.

தணிகையின் கடையில் தராசு சரியாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஒப்பந்தம் தணிகைக்கு. பாவெல் அதை அறிவிப்புப் பலகையில் வேறு ஒட்டிவிட்டான்.

நான் கத்தினேன். கையில் இருந்த பீங்கான் கோப்பையைச் சுவரில் அடித்தேன். பாவெல் குனிந்து சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே, “நீங்கள்தானே இவரைச் சிபாரிசு செய்தீர்கள்?” என்றான்.

மார்ச் 26

தணிகையிடம் போனேன். விலகிக்கொள் என்றேன். அதட்டினேன், கெஞ்சவும் செய்தேன். என் வாழ்நாளில் ஒரு பழைய இரும்புக் கடையில் நின்று கெஞ்சியது இதுவே முதல் தடவை.

“நானா கேட்டேன் மேடம்? நீங்கதான வீடு தேடி வந்தீங்க. இப்ப அந்த வெள்ளக்காரரு வந்து எங்கையப் புடிச்சிக் குலுக்கிட்டுப் போறாரு. இத்தினி வருசத்துல ஒருத்தன் எனக்குக் கை குடுத்ததில்ல. நான் ஏன் உடணும்?”

“தேசிங்கு வெட்டுவான்டா.”

“வெட்டட்டும். நீங்க இருக்கீங்க, கம்பெனி இருக்குது.”

அமுலு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அதே சுத்தியல். திரும்பி வரும்போது கன்னியப்பன் மெதுவாகச் சொன்னான், “அவன் உங்கள நம்பித்தான் மேடம் துணியறான்.” எனக்கு வந்த கோபத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி, மைல் கல்லை எட்டி உதைத்தேன். செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.

ஏப்ரல் 7

இடது கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கலாக இருக்கும்.

காலையில் தேசிங்கு இரண்டு ஆட்களோடு ஆபீசுக்குள் வந்தான். கதவைச் சாத்தினார்கள். ஒருத்தன் கம்ப்யூட்டரைத் தூக்கித் தரையில் போட்டான். அவர்கள் காலண்டரைக் கிழித்தபோதுதான், இது எனக்கும் நடக்கலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது. தேசிங்கு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, கை குலுக்குகிறவன் போல என் வலது கையைப் பிடித்தான்.

“ஊர்ல சிரிக்கிறானுங்க மேடம். தகரக் கொட்டாய்க்காரன் தேசிங்க ஜெயிச்சிட்டான்னு. நீங்க எனக்கு வாக்குக் குடுத்தீங்களா இல்லியா?”

“கொஞ்சம் பொறுங்க, பேசிப் பார்க்கிறேன்.”

என் சுண்டுவிரலை மட்டும் தனியாகப் பிரித்துப் பின்னால் மடக்கினான். அது உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் அலறியதை வெளியே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள்.

“ஒம்பது வெரலு இருக்குது இன்னும்” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனான்.

கன்னியப்பன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மாடிப்படியில் வழுக்கிவிட்டேன் என்று சொன்னேன். வழியெல்லாம் பள்ளம் மேடு பார்த்து வண்டியை அப்படி மெதுவாக ஓட்டினான். எனக்கு அழுகை வந்தது. பயத்தில்தான் வந்தது, எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 8

சோதனை ஓட்டத்தில் சேர்ந்த ஸ்கிராப்பின் முதல் லோடு நாளை வெளியே போகிறது. முன் கேட்டில் தேசிங்கின் ஆட்கள் நிற்பார்கள் என்பதால் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் பின் கேட் வழியாக அனுப்பலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். பாவெலுக்கும் தணிகைக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

மாலையில் தேசிங்கு போன் செய்தான். பொதுவாகப் பேசினோம்.

ஏப்ரல் 9

தணிகை செத்துப்போனான்.

நானும் பாவெலும் முன் கேட்டில் நின்றிருந்தோம். தேசிங்கின் ஆட்கள் ஒருத்தர்கூட அங்கே இல்லை. பாவெல், “பாருங்கள், பிரச்சினையே இல்லை” என்று சொல்லி வாய் மூடவில்லை, பின் பக்கம் லாரி ஹாரன் நீளமாக அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

கன்னியப்பன் முதலில் ஓடினான். நான் போய்ச் சேர்ந்தபோது மினி லாரி ஏரிக்கரைத் திருப்பத்தில் மதகின் மேல் ஏறி நின்றிருந்தது. நான்கு டயரும் கிழிந்திருந்தன. வண்டி முகப்பில் அமுலு கட்டியனுப்பிய எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. தணிகையைக் கதவு வழியாக இழுத்திருக்கிறார்கள். கதவைப் பிடித்திருந்த கையை முதலில் வெட்டியிருக்கிறார்கள், கை உள்ளே மிதிபலகையில் கிடந்தது. பிறகு கழுத்தில், முகத்தில், முதுகில். செப்புக் கம்பிச் சுருள்கள் ரோடெல்லாம் சிதறி வெயிலில் மின்னின. ஒன்றைக்கூட அவர்கள் எடுத்துப் போகவில்லை. கன்னியப்பன் அவனை மடியில் போட்டுக்கொண்டு வெட்டுவாய்களைக் கையால் மூடிப் பார்த்தான். ஒன்றை மூடினால் இன்னொன்று. “மேடம், துணி குடுங்க மேடம், துணி” என்று கத்தினான். என் துப்பட்டாவைக் கொடுத்தேன். பாவெல் சாலையோரம் மண்டியிட்டு வாந்தி எடுத்தான்.

ஆளைத் தொடக் கூடாது என்றுதான் நேற்று போனில் சொன்னேன். வண்டியை மறித்து டயரைக் கிழித்துப் பயம் காட்டினால் தணிகை தானே விலகிக்கொள்வான் என்றுதான் சொன்னேன்.

இதை எழுதியிருக்க வேண்டாம். இருக்கட்டும், என் டைரியை யார் படிக்கப் போகிறார்கள்.

ஏப்ரல் 12

காரியம் செய்யும் இடத்துக்குப் போனேன். அமுலு அழுது முடித்திருந்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

“பின் கேட்டுன்னு யாருக்கெல்லாம்க்கா தெரியும்?”

சுற்றி அவள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கன்னியப்பனும்தான்.

“பின் கேட்டில் ஒரு செக்யூரிட்டி இருந்தான்” என்றேன். பொய் இல்லை. இருந்தான்.

ஏப்ரல் 14

பின் கேட் காவலாளி பிபினை நேற்று அடித்துப் போட்டுவிட்டார்கள். ஒடிசாக்காரன், மூன்று மாதமாகத்தான் இங்கே வேலை. கன்னியப்பனும் தணிகையின் கூட்டாளிகளும். இரும்புக் கம்பியால். ஒரு கண் போய்விட்டது. தமிழ் தெரியாததால் எதற்கு அடிக்கிறார்கள் என்றே அவனுக்கு விளங்கவில்லையாம். போலீசில் புகார் கொடுக்கக்கூடப் பயந்துகொண்டிருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிப்போய் வைத்தேன். என்னைக் கும்பிட்டான்.

கன்னியப்பன் இன்று வேலைக்கு வந்தான். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. “அவன் வாயத் தொறக்கல மேடம். தொறக்க வெப்பேன்” என்றான். வேண்டாம், விடு என்றேன். “உங்களுக்கு எளகின மனசு” என்றான். எனக்கா! காரை விட்டு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

ஏப்ரல் 30

ஸ்கிராப் ஒப்பந்தம் தேசிங்குக்கு. தலைமை அலுவலகமே உத்தரவு போட்டுவிட்டது. பாவெல் கையெழுத்திட மறுத்தான், பிறகு போட்டான். போலீஸ் இரண்டு சில்லறை ஆட்களைக் கொண்டுபோய் உள்ளே வைத்திருக்கிறது.

மே 6

திறப்பு விழா. நடந்ததை எழுதிவிட வேண்டும்.

பூஜை ஏற்பாடு நான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள் இத்தனை ஆலைகளுக்குப் பூசணிக்காய் உடைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன், கர்த்தருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கன்னியப்பன் தானே வந்து, “தணிகை வண்டி போயிருந்தா அவன்தான் ஒடச்சிருப்பான். நான் ஒடைக்கிறேன் மேடம்” என்றான். சாவு வீட்டு ஆள் தொடக் கூடாது என்று பூசாரி முனகினார். நான்தான் அவரை அதட்டி அடக்கினேன். அவன் கேட்டு நான் மறுக்க முடியுமா?

கேட்டுக்கு முன்னால் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி மூன்று சுற்று சுற்றினான். மேலே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அப்போது தேசிங்கு வந்தான். மாலை, பொன்னாடை, பின்னால் பத்துப் பேர். நேராக என்னிடம் வந்து பொன்னாடையைப் போர்த்தினான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“மேடம் வாக்கு சுத்தம். பின் கேட்டுன்னாங்க, பின் கேட்டுதான்.”

கன்னியப்பன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அடுத்த நொடி பூசணிக்காய் தேசிங்கின் முகத்தில் உடைந்தது. குங்குமத் தண்ணீரும் விதையும் ரத்தமும் சேர்ந்து அவன் வெள்ளைச் சட்டையில் வழிந்தன. எரிந்த கற்பூரம் அவன் கழுத்து மாலையில் பற்றிக்கொண்டது. கன்னியப்பன் ஷாமியானாக் கம்பை உருவி விழுந்தவன் முழங்காலில் இறக்கினான். மறுபடியும் இறக்கினான். மூன்றாவது அடிக்குள் பத்துப் பேரும் அவன் மேல் விழுந்துவிட்டார்கள். நாற்காலி, கம்பு, செங்கல், கையில் கிடைத்தது எல்லாவற்றாலும் அடித்தார்கள். பாவெல் ஓடிப்போய்க் கன்னியப்பன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். அவனுக்குக் கை முறிந்தது. நான் பொன்னாடையோடு நின்றேன். அறைவதற்கு எப்போதும் முந்துகிற கை இன்று எழவில்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார், “யார் முதல்ல அடிச்சது?”

“கன்னியப்பன்.”

“எதுக்கு?”

“தெரியலை” என்றேன்.

தேசிங்குக்கு மூக்கும் முழங்காலும் போயிற்று. கன்னியப்பன் மேல் கொலை முயற்சி வழக்கு. விலா எலும்பு முறிந்த நிலையிலேயே ரிமாண்டு.

மே 9

கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறேன். கட்டுப் பிரித்த விரல் இன்னும் மடங்கவில்லை.

மே 13

அமுலு ஆபீசுக்கு வந்தாள். கதவருகே என் செருப்பு கிடந்தது. அவள் குனிந்தபோது அதை எடுத்து அடிக்கப் போகிறாள் என்று நினைத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவள் தன் செருப்பைத்தான் கழற்றி வைத்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“ஜெயில்ல அண்ணனப் பாத்தேன்க்கா. ஏன்டா அப்டி பண்ணன்னு கேட்டேன். ‘மேடத்தப் பத்தி அபாண்டமா பேசினான், எனக்குத் தாங்கல’ன்னான். இன்னா பேசினான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டான். அந்த வார்த்தய வெளிய சொன்னா உங்க பேரு கெட்டுடுமாம்.”

அவன் என்னை நம்பாமல் அடிக்கவில்லை. நம்பி அடித்திருக்கிறான்.

“வக்கீலு சொல்றாரு, எதுக்கு அடிச்சான்னு சாட்சி சொன்னா கேஸு வேற மாதிரி போவுமாம். அவன் பேசினது மத்தவங்க யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க, பயம். நீங்க பக்கத்துல நின்னீங்க. நீங்க சொல்லுங்கக்கா. புருசன் போயிட்டான். எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான்.”

வக்கீலின் போன் நம்பரை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், “அவன் சொன்னது அபாண்டந்தானேக்கா?”

பதில் வராததால் திரும்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

மே 15

இன்று ஒரு துருக்கிக் கம்பெனிக்காரன் விமானத்தில் வந்திறங்கினான். வரவேற்க நான் போகவில்லை. ஜெயிலுக்குப் போனேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கன்னியப்பன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. முன்பல் இரண்டு இல்லை. என்னைக் கண்டதும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

“வெரலு எப்டி இருக்குது மேடம்?” என்றான்.

அதைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் வேறு எதையாவது பேசிவிட்டு வந்திருப்பேன்.

“தேசிங்கு சொன்னது நெசம், கன்னியப்பா” என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. சிரிக்கப் பார்த்தான். மறுபடியும் சொன்னேன். பின் கேட்டை நான்தான் சொன்னேன் என்றேன். பிபினுக்கு எதுவும் தெரியாது என்றேன். அவன் என்னைத் திட்டுவான், வலையைப் பிடித்து உலுக்குவான் என்று காத்திருந்தேன். அவன் தன் கைகளைப் பார்த்தான். பிபினின் கண்ணைப் போக்கிய கைகள் அவை. பிறகு நெற்றியை வலையின் இரும்புச் சட்டத்தில் மோதினான். விடாமல் மோதினான். ரத்தம் என் பக்கம் தெறித்தது. நிறுத்து நிறுத்து என்று நான் வலையை அடித்தேன். வார்டர்கள் மூன்று பேர் சேர்ந்து இழுத்துப்போனார்கள்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷன். இதை இங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

விழாவில் தேசிங்கு பேசியதைச் சொன்னேன். “இத எழுதினா நீங்களும் உள்ள போவீங்க மேடம், தெரியுமில்ல?” என்றார் இன்ஸ்பெக்டர். எழுதுங்கள் என்றேன். ஏப்ரல் எட்டாம் தேதி தேசிங்கிடம் போனில் பேசியதையும் சொன்னேன். நாளைக்குக் காலையில் பின் கேட், ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி மெதுவாகத்தான் போகும். அன்று நான் சொன்னது அவ்வளவுதான்.

எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“ஆளைத் தொடக் கூடாதுன்னு சொன்னீங்கதானே?”

நல்ல மனிதர். எனக்கு ஒரு வழி திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் பையில் இந்த டைரி இருந்தது. ஏப்ரல் ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, என் கையெழுத்தில். எடுத்துக் காட்டியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

“சொல்லலை” என்றேன்.